தாரா முட்டையிடத் தொடங்கிவிட்டது, அடைவைக்கலாமா?

தாரா முதல் முட்டையை இடும் நாளுக்கும், அதன் முட்டை நல்ல குஞ்சு தரக்கூடிய நிலைக்கு வரும் நாளுக்கும் இடையில் ஒன்றரை மாதம், சில வேளைகளில் இரண்டு மாதம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வீட்டு வளவில் தாரா வளர்த்துப் பார்த்துக் கைவிட்டவர்களோடு கதைத்தபோது, பலர் தடுக்கி விழுந்த இடம் இந்த இடைவெளிதான் என்று எனக்குத் தோன்றியது.

"முட்டை போடுது தானே பிள்ளை, பிறகென்ன?" என்று தென்மராட்சியில் ஒரு அம்மா என்னைக் கேட்டார். அவரிடம் இருந்தவை ஐந்து பேடும் ஒரு சேவலும். வாழ்வாதார உதவியாகக் கிடைத்தவை. முதலில் கிடைத்த பத்து முட்டைகளையும் சேர்த்து, அடைக்குக் கிடந்த ஊர்க்கோழிக்குக் கீழே வைத்திருக்கிறார். கோழி 28 நாளும் கிடந்தது. பொரித்தது ஒன்று. "எனக்குத் தாரா ராசியில்லை" என்று சொல்லி எல்லாவற்றையும் விற்றுவிட்டார்.

ராசியில் பிழையில்லை. அந்தத் தாராக்களுக்கு அப்போது ஐந்தரை மாதம். இன்னும் ஆறேழு கிழமை பொறுத்திருந்தால் அதே பேடும் அதே கோழியும் ஏழெட்டுக் குஞ்சு கொடுத்திருக்கும். குஞ்சைக் கையில் கொடுத்தவர்கள் இந்த ஒரு தகவலையும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம்.

போருக்குப் பிறகு ஒன்றுமில்லாமல் திரும்பி வந்த குடும்பங்களுக்கு ஆடு, கோழி, தாரா என்பவை வெறும் வளர்ப்பு விலங்குகள் அல்ல. குறிப்பாக, பெண் ஒருவரே தாங்கி நிற்கும் வீட்டில் அடுத்த மாதப் பள்ளிக்கூடச் செலவு அந்தக் கூட்டுக்குள்தான் இருக்கும். இரண்டாம் தலைமுறைக் குஞ்சு வந்தால்தான் கொடுத்த உதவி உதவியாக நிற்கும். இல்லாவிட்டால் அது ஒரு தடவை சாப்பிட்டு முடிந்த இறைச்சி.

எந்தத் தாரா, எத்தனை மாதம்

முதலில் உங்கள் வளவில் நிற்பது எந்த இனம் என்று பாருங்கள். வயதுக் கணக்கு அதைப் பொறுத்தே மாறும்.

முட்டைக்காக வளர்க்கப்படுவதில் உலகம் முழுக்கப் பெயர்பெற்றது காக்கி கம்பல். இங்கிலாந்தின் குளொஸ்டஷயர் பகுதியில் அடேல் கம்பல் என்ற பெண் தன் வீட்டுத் தேவைக்காகக் கலந்து உருவாக்கிய இனம் இது. 1898 இல் வெளியே வந்தது. அதன் இரத்தத்தில் நம் கீழைத்தேயப் பக்கத்து 'ரணர்' தாராவும் இருக்கிறது. அந்த நிமிர்ந்து ஓடும் தாரா தந்த குணமோ என்னவோ, கம்பலுக்கு அடை கிடக்கும் எண்ணமே வராது. ஐந்து மாதம், அதாவது 20 முதல் 22 கிழமைக்குள் முட்டையிடத் தொடங்கிவிடும். இறைச்சிக்காக வளர்க்கும் வெள்ளைப் பீக்கின் தாரா 24 முதல் 26 கிழமை எடுக்கும். வளவில் தவிட்டையும் நத்தையையும் தின்று வளரும் ஊர்த் தாராவுக்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும்; தீன் குறைந்தால் ஏழையும் தாண்டும்.

முகத்தில் சிவந்த சதைப் பருக்களோடு, கத்தாமல் சீறிக்கொண்டு திரியும் பெரிய தாரா வேறு சாதி. மஸ்கோவி என்பார்கள். அதன் பூர்வீகம் மத்திய, தென் அமெரிக்கா. மற்றைய வீட்டுத் தாராக்கள் எல்லாம் ஒரே காட்டுத் தாராவின் வழிவந்தவை. இது அந்த வழியே அல்ல. ஆறு, ஏழு மாதத்தில்தான் முட்டைக்கு வரும். இதையும் சாதாரணத் தாராவையும் ஒன்றாக விட்டால் சேரும், குஞ்சும் பொரிக்கும். ஆனால் அந்தக் குஞ்சு வளர்ந்தால் மலடு. கோவேறு கழுதைபோல. இறைச்சிக்குச் சரி, இனம் பெருக்க உதவாது. கலந்து விட்டுவிட்டு "அடுத்த தலைமுறை முட்டை ஒன்றும் பொரிக்கவில்லையே" என்று தேடுபவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

இவை முட்டையிடத் தொடங்கும் வயதுகள். அடைக்கு முட்டை எடுக்கும் வயது வேறு. கம்பல், பீக்கின், ஊர்த் தாரா எதுவானாலும் பேட்டுக்கு ஏழு மாதம் நிரம்பிய பிறகு எடுப்பதே நல்லது. மஸ்கோவிக்கு எட்டு, ஒன்பது மாதம். ஏன் இந்தப் பொறுமை? தொடக்க முட்டை சிறிது. உள்ளே குஞ்சு வளர இடமும் ஊட்டமும் குறைவு. வருகிற குஞ்சும் சிறிதாக, வலுவில்லாமல் வரும். ஓடு ஒரு நாள் மெல்லிசு, ஒரு நாள் தடிப்பு. இரட்டைக் கரு முட்டையும் அந்தக் காலத்தில்தான் அதிகம். எல்லாவற்றுக்கும் மேலாகச் சேவலும் இளசு. அது ஏறி இறங்குவதைக் கண்டு நாம் நம்பிவிடுவோம். கருக்கட்டும் வல்லமை அதற்குப் பிறகுதான் வரும்.

தொடக்க முட்டைகள் வீணில்லை. பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுங்கள், விற்கலாம். தாரா முட்டையை நன்றாக அவித்தே சாப்பிடவேண்டும். ஈரமான இடத்தில் இடுவதால் கிருமி ஏறும் வாய்ப்புக் கோழி முட்டையைவிடக் கூட.

சேவலைப் பற்றி

குஞ்சாக இருக்கும்போது சேவலா பேடா என்று தெரியாது. ஆறு, எட்டுக் கிழமையில் குரல் காட்டிக் கொடுக்கும். உரத்துக் கத்துவது பேடு. தடிமன் பிடித்த தொண்டைபோலக் கரகரப்பது சேவல். நாலு மாதமளவில் சேவலின் வாலில் இரண்டு மூன்று இறகு மேல்நோக்கிச் சுருளும். மஸ்கோவிக்கு அந்தச் சுருள் இராது. உடம்பின் பருமனைப் பார்த்தே சொல்லவேண்டும். சேவல் பேட்டைவிட ஏறத்தாழ இரு மடங்கு நிறை இருக்கும்.

சேவல் பேட்டைவிட ஒரு மாதம் மூத்ததாக இருந்தால் நல்லது. ஒரே தடவையில் வாங்கிய, ஒரே வயதுக் குஞ்சுகள் என்றால் அந்த ஒரு மாதத்தை நாம்தான் காத்திருந்து ஈடுகட்டவேண்டும். ஐந்து, ஆறு பேட்டுக்கு ஒரு சேவல் காணும். சேவல் கூடினால் முட்டை கூடக் கருக்கட்டும் என்று நினைப்பது தவறு. அவை தங்களுக்குள் அடிபட்டு, பேட்டின் பிடரி இறகைப் பிய்த்து, முதுகைப் புண்ணாக்கிவிடும். மேலதிகச் சேவலை இறைச்சிக்கு விடுங்கள்.

இன்னொரு விடயம். ஒரே பெட்டியில் வந்த குஞ்சுகள் பெரும்பாலும் உடன்பிறப்புகள். அவற்றையே தலைமுறை தலைமுறையாகச் சேரவிட்டால் பொரிப்பும் குறையும், வலுவும் குறையும். அடுத்த ஊரில் தாரா வைத்திருப்பவரோடு சேவலை மாற்றிக்கொள்வதற்குக் காசும் தேவையில்லை, திட்டமும் தேவையில்லை. மாற்றிய பிறகு இரண்டு மூன்று கிழமை கழித்து முட்டை சேர்க்கத் தொடங்கினால், பழைய சேவலின் கரு கலக்காது.

காலில் நொண்டல், முதுகு வளைவு, மங்கிய கண் உள்ளவற்றை இனத்துக்கு விடாதீர்கள். தாரா கால் பலமில்லாத பிராணி; பிடிக்கும்போதுகூடக் காலில் பிடிக்காமல் கழுத்தடியையும் உடம்பையும் சேர்த்துப் பிடிக்கவேண்டும்.

தீனும் தண்ணீரும் உப்பும்

குளிர் நாட்டு நூல்களில் தாராவுக்கு நாளுக்கு 14 மணித்தியாலத்துக்கு மேல் வெளிச்சம் காட்டு என்று எழுதியிருக்கும். அங்கே மாரியில் பகல் மிகச் சுருங்கிவிடும். யாழ்ப்பாணத்தில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணித்தியாலத்தைச் சற்றே தாண்டும். விளக்குப் போட்டு மின்கட்டணம் கட்டுவதைவிட அந்தக் காசுக்குத் தீன் வாங்குவது புத்தி.

வளரும் காலத்தில் அளவாகக் கொடுங்கள். கொழுத்த தாரா முட்டைக்கு உதவாது. ஐந்தாம் மாதம் முடியும்போது தீனைக் கூட்டுங்கள். கடையில் விற்கும் முட்டைக்கோழித் தீன் போதும். கட்டுப்படியாகாவிட்டால் தவிடு, உடைந்த நெல், எள்ளுப் புண்ணாக்கு, கீரை, வயலில் பொறுக்கிய நத்தை எல்லாம் கலந்து கொடுக்கலாம். தவிட்டில் தாராவின் காலுக்குத் தேவையான நியாசின் என்ற ஊட்டம் இருக்கிறது. கோழிக்குஞ்சைவிடத் தாராக்குஞ்சுக்கு அது கூடத் தேவை. ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும்; கரையில் பொறுக்கிய சிப்பியை நன்னீரில் கழுவி உடைத்துப் போடலாம்.

பூஞ்சணம் பிடித்த எதையும் போடாதீர்கள். மழையில் நனைந்த சோளம், பழைய கடலைப் புண்ணாக்கு ஆகியவற்றில் உண்டாகும் நஞ்சு தாராவை மற்ற எந்த வளர்ப்புப் பறவையையும்விட வேகமாகக் கொல்லும். ஈரலைத் தாக்கும். கொல்லாவிட்டாலும் முட்டையின் பொரிப்பைக் குறைக்கும்.

தாரா என்றால் குளம் வேண்டும் என்ற எண்ணம் எங்கள் ஊரில் பலரைத் தடுக்கிறது. ஆறில்லாத குடாநாடு. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுவது. ஆனால் இனம் பெருக்கக் குளம் கட்டாயம் இல்லை. சொண்டும் மூக்குத் துவாரமும் அமிழக்கூடிய ஆழத்தில் ஒரு சட்டித் தண்ணீர் கட்டாயம். இல்லாவிட்டால் மூக்கும் கண்ணும் அடைத்துக்கொள்ளும். பீக்கின், மஸ்கோவி போன்ற பாரமான இனங்கள் தண்ணீரில் சேர்வது இலகு என்பதால், அவற்றுக்குக் கிணற்றடியில் ஒரு சிறிய தொட்டி கட்டிக்கொடுத்தால் நல்லது. உவர்த் தண்ணீர்தான் பெரிய பிரச்சினை. கரையோரக் கிணறுகள் கோடையில் உப்பேறும். வளர்ந்த தாரா ஓரளவு தாங்கும், குஞ்சு தாங்காது. கருவாட்டுக் கழிவைத் தீனில் கொட்டுபவர்களும் இதை நினைவில் வைக்கவேண்டும்.

முட்டை சேர்ப்பது

தாரா விடியப்புறம் இடும். பெரும்பாலும் காலை ஏழு, எட்டு மணிக்குள் முடிந்துவிடும். அதற்கு முன் கூட்டைத் திறந்துவிட்டால் வேலியோரத்திலும் வாய்க்காலிலும் இட்டுவிட்டு வரும். அவற்றைக் கீரியோ காகமோ கண்டுபிடிக்கும். கூட்டின் மூலையில் உலர்ந்த வைக்கோல் போட்டு, மூன்று நாலு பேட்டுக்கு ஓர் இடமாக ஒதுக்குங்கள். வைக்கோல் ஈரமானால் உடனே மாற்றுங்கள்.

அடைக்கென்று எடுப்பது நடுத்தரப் பருமனான, ஓடு ஒரே சீரான, வெடிப்பில்லாத முட்டை. சேறு பட்டிருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள். பச்சைத் தண்ணீரில் கழுவினால் முட்டை சுருங்கி, ஓட்டின் துளைகளால் அழுக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். கழுவியே ஆகவேண்டும் என்றால் முட்டையைவிடச் சூடான இளஞ்சூட்டு நீர்.

சேர்த்து வைக்கும் நாள் பற்றி நூல்கள் ஒரு கிழமை என்று சொல்லும். அது 15 பாகை குளிரில் வைக்கும் கணக்கு. 20 பாகைக்கு மேலே போனால் கரு மெதுவாக அசையத் தொடங்கும். ஒழுங்கில்லாமல் வளர்ந்து நின்றுவிடும். எங்கள் வீட்டு அறை 30 பாகை. ஆகவே மூன்று நாள், கூடினால் ஐந்து. ஈர மணலில் புதைத்த மண்சட்டிக்குள், ஒடுங்கிய முனை கீழே இருக்க வைத்துச் சேருங்கள். குளிர்சாதனப் பெட்டி வேண்டாம், அது அளவுக்கு மிஞ்சிய குளிர். ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் திகதி எழுதிவிட்டால் குழப்பம் வராது.

28 நாள்

கோழி முட்டைக்கு 21 நாள், தாரா முட்டைக்கு 28 நாள், மஸ்கோவிக்கு 33 முதல் 35. என் அம்மம்மா இந்த எண்களை விரலில் எண்ணாமல் பிறையைப் பார்த்துச் சொல்வார். கூடவே இன்னொன்றும் சொல்வார்: "இருபத்தெட்டு நாள் ஓரிடத்திலை இருந்தால்தானே தாராக்குஞ்சு."

1995 ஒக்ரோபர் 30 அன்று இரவு வலிகாமம் முழுவதும் வீதிக்கு இறங்கி, செம்மணி, நாவற்குழி தாண்டித் தென்மராட்சிக்குப் போனபோது, எத்தனை கடகங்களில் அடைக்கோழி கிடந்தபடி விடப்பட்டது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. 2000 இல் தென்மராட்சியே இடம்பெயர்ந்தது. 2008 இலும் 2009 இலும் வன்னியில் ஓரிடத்தில் 28 நாள் என்பது நினைக்க முடியாதது. வளவில் நின்ற இனங்கள் அப்படித்தான் தொடர்பறுந்து போயின. இன்று குடாநாட்டில் நிற்கும் தாராக்களில் பல, பிறகு வெளியிலிருந்து வந்து சேர்ந்தவற்றின் கலப்பு. அவற்றின் வயதும் வழியும் வாங்கியவருக்கே தெரியாது. அதனால்தான் குஞ்சு வாங்கும் நாளை ஒரு கொப்பியில் குறித்துவையுங்கள் என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

கம்பல் அடை கிடக்காது என்பதால் ஊர்க்கோழிதான் கைகொடுக்கும். பதினைந்து கோழி முட்டை தாங்கும் கோழிக்கு எட்டு, மிஞ்சினால் பத்துத் தாரா முட்டை. அடை தொடங்கி இரண்டு மூன்று நாளான கோழியாகப் பாருங்கள். ஏற்கனவே பத்து நாள் வெறுங்கூட்டில் கிடந்த கோழி கடைசிக் கிழமை எழும்பிப் போய்விடும். கடகத்துக்குள் மணல் அல்லது உமி, அதன்மேல் வைக்கோல். பேனுக்குக் கொஞ்சம் அடுப்புச் சாம்பல், வேப்பிலை. தாரா முட்டை பெரிது என்பதால் கோழியால் ஒழுங்காகப் புரட்ட முடியாது. ஒரு பக்கம் புள்ளடி போட்டு, காலையும் மாலையும் கோழி தீனுக்கு எழும்பும்போது நாமே புரட்டவேண்டும். தாய்த் தாரா குளித்துவிட்டு ஈர இறகோடு வந்து படுக்கும். கோழிக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆகவே இரண்டாம் கிழமையிலிருந்து நாளுக்கு ஒருமுறை முட்டைமேல் இளஞ்சூட்டு நீரைத் தெளித்துவிடுங்கள். கடைசிக் கிழமை இது முக்கியம். உள்தோல் காய்ந்தால் குஞ்சு ஓட்டை உடைத்தும் வெளியே வரமுடியாமல் சாகும்.

மெசினில் வைப்பவர்களுக்கு: காற்றாடி உள்ள பெட்டி என்றால் 37.5 பாகை. ஈரப்பதன் 25 ஆம் நாள் வரை 55 முதல் 60 வீதம், அதன் பிறகு 70க்கு மேல். நாளுக்கு நாலைந்து தடவை புரட்டல். 25 ஆம் நாளுடன் புரட்டுவதை நிறுத்தவேண்டும். மின்சாரத்தைப் பற்றி எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள். மெசின் வைத்திருப்பவரும் பக்கத்து வீட்டில் ஒரு அடைக்கோழி இருக்கிறதா என்று விசாரித்து வைத்திருப்பது நல்லது. குறுகிய மின்வெட்டு என்றால் பெட்டியைத் திறக்காமல் மேலே சாக்கைப் போர்த்திவிடுங்கள். தாரா முட்டை சற்று நேரக் குளிரைத் தாங்கும், கூடிய சூட்டைத் தாங்காது. வங்காளதேசத்துக் கிராமங்களில் உமி நிரப்பிய பெட்டிகளையும் மண்ணெண்ணெய் விளக்கையும் வைத்து ஆயிரக்கணக்கில் தாராக்குஞ்சு பொரிக்கிறார்கள். பிலிப்பைன்சின் பத்தேரோசில் வறுத்த நெல்லின் சூட்டைப் பயன்படுத்தினார்கள். நெல்லும் உமியும் உள்ள எங்கள் ஊரில் அதை யாராவது முயன்று பார்க்கலாம்.

ஏழாம் நாள் இரவு இருட்டில் முட்டையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். சிலந்திபோல இரத்த நரம்பு தெரிந்தால் உயிர் இருக்கிறது. தெளிவாக இருந்தால் கருக்கட்டவில்லை, எடுத்துவிடலாம். இப்போது கைத்தொலைபேசி வெளிச்சம் போதும். பொருளாதாரத் தடைக் காலத்தில் டோர்ச் பற்றரியும் தடைப்பட்ட பொருள்; ஜாம் போத்தல் விளக்குக்கு முன்னால் இரண்டு கையையும் குவித்துப் பார்த்திருக்கிறார்கள். இந்த ஏழாம் நாள் சோதனைதான் உங்கள் தாராவின் வயதுக்கான உண்மையான பரீட்சையும். பத்தில் ஐந்து, ஆறு தெளிவாக இருந்தால் கோழியையோ சூட்டையோ குறைசொல்ல வேண்டாம். சேவல் இளசு, அல்லது சேவல் காணாது. ஒரு மாதம் விட்டு மீண்டும் வையுங்கள்.

ஓடு முதலில் வெடித்ததிலிருந்து குஞ்சு வெளியே வர ஒன்று, இரண்டு நாள்கூட எடுக்கும். கோழிக்குஞ்சைவிட மெதுவு. இரக்கப்பட்டு ஓட்டைப் பிய்க்காதீர்கள், இரத்தம் வரும்.

எந்த மாதத்தில்

கார்த்திகையில் குஞ்சு இறக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. 2008 நவம்பரில் நிஷா, 2020 டிசெம்பரில் புரேவி என்று குடாநாட்டை வெள்ளம் மூடியது அந்தக் காலத்தில்தான். நல்ல காலம் தை. வெள்ளம் வடிந்திருக்கும், வாய்க்காலில் நத்தை இருக்கும், மாசியில் அறுவடை முடிந்த வயலில் சிந்திய நெல் இருக்கும். தையில் குஞ்சு வேண்டுமென்றால் மார்கழித் தொடக்கத்தில் அடைவைக்கவேண்டும். அந்த நேரம் பேட்டுக்கு ஏழு மாதம் நிரம்பியிருக்க வேண்டுமென்றால் அது சித்திரைக் கடைசியிலோ வைகாசி முதற்கிழமையிலோ பொரித்த குஞ்சாக இருக்கவேண்டும். சோழகக் காற்றும் வெக்கையும் உள்ள மாதங்களில் அந்தக் குஞ்சுகளுக்கு நிழலும் நன்னீரும் கொடுத்துவிட்டால், ஐப்பசி மழைக்கு அவை முட்டைக்கு வந்துவிடும்; கார்த்திகை முழுக்க வீட்டுக்கு முட்டை, மார்கழியில் அடைக்கு முட்டை. குஞ்சு பகிர்ந்தளிப்பவர்கள் வரவுசெலவுத் திட்டம் முடியும் டிசெம்பரில் அவசரமாகக் கொடுக்காமல் இந்த நாட்காட்டியைப் பார்த்துக் கொடுக்கலாம்.

ஒரு பேட்டை இரண்டு, மூன்று வருடம் இனத்துக்கு வைத்திருக்கலாம். இரண்டாம் வருட முட்டை எண்ணிக்கையில் சற்றுக் குறைந்தாலும் பருமனில் நல்லது. சேவலை இரண்டு வருடத்தில் மாற்றிவிடுங்கள். நோய், தடுப்பூசி பற்றிய சந்தேகங்களுக்கு உங்கள் பிரிவின் அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்கலாம்.

கோழிக்குக் கீழே பொரித்த குஞ்சை உடனே தண்ணீரில் விடவேண்டாம். தாய்த் தாராவின் இறகெண்ணெய் படாத குஞ்சு நனைந்து குளிரில் விறைக்கும். மூன்று, நாலு கிழமை வரை தட்டையான தட்டில், நடுவே கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வையுங்கள். பிறகு ஒரு நாள் அவை தாமாகவே வாய்க்காலில் இறங்கும். வளர்த்த கோழி கரையில் நின்று கத்திக்கொண்டு அங்குமிங்கும் ஓடும். அன்றைக்கு மட்டும் அதைப் பிடித்துக் கூட்டில் அடைத்து வையுங்கள்.